பதினேழாம் எண் விலகினார்

"கன்ட்ரோல் தாளை எடுத்து மேசை மேல வைங்க, கேப்டன்."

எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்டுத் தொலைக்காதே என்று அக்கா அவளிடம் ஒரு வாரமாகப் போனில் தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக அவள் கேட்டது அதைத்தான். உட்காரக்கூட இல்லை.

பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறை அது. ஞாயிற்றுக்கிழமைகளில் நோயாளிகள் வராததால் அதுவே சைக்கிள் கிளப்பின் அலுவலகம். ஈறு அழுகும் கதையை நான்கு கட்டமாக விளக்கும் படத்துக்குப் பக்கத்தில் பதக்கங்கள் வரிசையாகத் தொங்கின. எல்லாம் கேப்டன் வாங்கியவை. கேப்டன் பல் டாக்டர். வாயைத் திறந்துகொண்டு பதில் பேச முடியாமல் படுத்திருப்பவர்களிடமே பேசிப் பழகிய மனிதர். எதிர்த்து ஒருத்தி பேசினால் அவருக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆகும்.

"முதல்ல உக்காரும்மா. தண்ணி குடி."

"தண்ணியை நான் தினமும் பாக்குறேன். தாளை வைங்க."

அவளுக்குக் குடிநீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை. குழாய் குழாயாகப் போய்ப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, பிடித்த நேரத்தை அங்கேயே பாட்டிலில் எழுத வேண்டும். திரும்பி வந்து குத்துமதிப்பாக நேரம் போட்டால் சோதனையே செல்லாது.

சங்கதி இதுதான். போன வாரம் சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பி நாற்பது மணி நேரத்துக்குள் அறுநூறு கிலோமீட்டர். வழியில் ஆங்காங்கே கன்ட்ரோல். அதாவது ஒரு மேசை, ஒரு குடை, வந்த நேரம் குறிக்க ஒரு தாள், சீல் வைக்க ஓர் ஆள். அவரவர் அட்டையில் ஒவ்வொரு கன்ட்ரோலுக்கும் ஒரு கட்டம். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் மிதித்ததெல்லாம் வீண். இந்த அறுநூறை முடித்தவர்களுக்குத்தான் நாலு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் ஆயிரத்து இருநூறில் இடம். அதற்கான பட்டியலை இன்று மாலை ஆறு மணிக்கு, கிளப்புகளுக்குச் சவாரி நடத்த உரிமை தரும் தலைமைக்கு அனுப்பியாக வேண்டும். அறுநூறுக்கு முந்தைய இருநூறு, முன்னூறு, நானூறு மூன்றையும் அவள் முடித்திருந்தாள். அறுநூறையும் முப்பத்தொன்பது மணி இருபது நிமிடத்தில் முடித்தாள். அவள் அட்டையில் ஒரே ஒரு கட்டம் காலி.

நானூற்று அறுபத்தைந்தாவது கிலோமீட்டர் கன்ட்ரோல் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணி வரை திறந்திருக்க வேண்டும். அவள் பன்னிரண்டு இருபத்திரண்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். பெட்ரோல் பங்க் ஓரத்தில் மேசைக்கால் பதிந்த நாலு குழியும் வாழைப்பழத் தோலும் கிடந்தன. பங்க்காரர் பரிதாபப்பட்டு, "அவங்க அப்பவே மூட்டை கட்டிட்டாங்களேம்மா" என்றார். அவள் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி, நேரம் அச்சான ரசீதைப் பத்திரப்படுத்திக்கொண்டு, மீதி நூற்று முப்பத்தைந்து கிலோமீட்டரை எதிர்காற்றில் மிதித்தாள். அழுதுகொண்டே மிதித்தாள் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். திட்டிக்கொண்டே மிதித்தாள்.

"தாள்ல என்ன இருக்கப் போகுது?" என்றார் பஞ்சர் மாமா. கட்டட ஒப்பந்ததாரர். எந்தச் சவாரியிலும் மூன்று பஞ்சருக்குக் குறையாமல் வாங்குவதால் அந்தப் பட்டம். "என்னோட பஞ்சர் கணக்குதான் இருக்கும்."

"இருக்கட்டும் மாமா, அதையும் படிச்சுக்கறேன்."

கேப்டன் இழுப்பறையைத் திறந்து தாளை எடுத்துப் போட்டார். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டார்.

பதினோரு பேர். பத்துப் பேருக்கு எதிரே நேரம். அவளுடைய எண்ணான பதினேழுக்கு எதிரே: 'விலகினார். உடல்நலக் குறைவு. 11.35.'

எழுத்து குண்டு குண்டாக, ஒன்றோடொன்று ஒட்டாமல், கரும்பலகையில் எழுதிப் பழகிய கையாக இருந்தது. அவள் நிமிர்ந்து, மூலை நாற்காலியில் இருந்த அக்காவைப் பார்த்தாள்.

அக்கா கூடப் பிறந்தவள் இல்லை. கணக்கு டீச்சர். தன் பழைய இரும்பு சைக்கிளை அவளுக்குக் கொடுத்து, இந்தக் கிளப்பில் சேர்த்துவிட்டு, தொடையில் பிடிப்பு வந்தால் எப்படி இறங்க வேண்டும் என்பதுவரை கற்றுக்கொடுத்தவள். அன்றைக்கு அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவளும் அக்காதான்.

"எனக்கு என்ன நோவுக்கா?"

அக்கா தாளைப் பார்த்தே பேசினாள். "கேப்டன் முன்னாடி போயிட்டிருந்தார். போன் பண்ணினார். பத்துப் பேரும் தாண்டியாச்சு, சாமானை ஏத்திட்டு முடிக்கிற இடத்துக்கு வந்துடு, போட்டோ எடுக்கணும்னார். பதினேழு இருக்கேன்னு கேட்டேன்டி. சத்தியமாக் கேட்டேன்."

"அதுக்கு?"

"அந்த இரும்பு வண்டியில அவ எங்க வரப் போறா, இந்நேரம் பஸ் ஏறியிருப்பான்னார்."

"சரி, அவர் சொன்னார். நோவு யார் சொன்னா?"

"ஏதாவது காரணம் எழுதணும்ல? கட்டம் இருந்துச்சு..."

கட்டம் இருந்ததாம், நிரப்பினாளாம். அவள் போனை எடுத்துத் தாளைப் படம் பிடித்தாள்.

"போட்டோ எதுக்கு?" கேப்டனின் குரல் இப்போதுதான் கொஞ்சம் இறங்கியது. "இவ்வளவுதானே விஷயம். தப்புதான். சரி பண்ணிடலாம். அட்டையைக் குடு, சீல் இங்கயே இருக்கு. பன்னெண்டு இருபத்திரண்டுன்னு போட்டுடறேன். டீச்சர் புதுத் தாள் ஒண்ணு எழுதிடுவாங்க. இதைக் கிழிச்சுடலாம். ஆறு மணிக்கு உன் பேரும் பட்டியல்ல போகும்."

"பாத்தியா, சுளுவா முடிஞ்சுது" என்றார் மாமா.

"நீங்க சீக்கிரமே மூடிட்டுப் போனீங்கன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. ரசீது என்கிட்ட இருக்கு. அந்த வரி இருந்தா தலைமையே ஏத்துக்கும், விதியில இருக்கு."

"அதை எழுதினா அடுத்த வருஷம் சவாரி நடத்துற உரிமையே போயிடும். கிளப்புக்கே பூட்டு. ஒருத்திக்காக நாப்பது பேரை நடுத்தெருவில நிறுத்தச் சொல்றியா? நீ வந்தது நிஜம். வந்த நேரமும் நிஜம். சீல் மட்டும் ஒரு வாரம் லேட்டு. இதுல எங்க இருக்கு பொய்?"

அவளுக்கும் நியாயம் போலத்தான் இருந்தது. கையை நீட்டினால் ஆயிரத்து இருநூறு. வேண்டாம் என்றால் இன்னும் நாலு வருடம். அதற்குள் எந்த ஊர், எந்த வேலை, எவன் வீட்டு அடுப்பு என்று யார் கண்டது?

அப்பா முப்பது வருடம் சைக்கிளில் கேன் தண்ணீர் போட்டவர். 'நான் வயித்துக்கு மிதிச்சேன், நீ எதுக்குடி மிதிக்கிற?' என்று இன்றைக்கும் கேட்பார். அவள் கல்லூரியில் சேர ஒரு சான்றிதழுக்காக அவர் மூன்று நாள் ஓர் அலுவலக வாசலில் நின்றார். அவளுக்குச் சேர வேண்டிய சான்றிதழ்தான், யாருடைய சொத்தும் இல்லை. மூன்றாம் நாள் குமாஸ்தா கையெழுத்துப் போட்டுவிட்டு, 'உன் முகத்துக்காகப் போட்டேன்' என்றான். அப்பா கும்பிட்டார். அந்தக் கும்பிடு இன்னும் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. வீட்டில் முதல் பட்டதாரி ஆன பிறகும் எதை வாங்கினாலும் யாரோ முகம் பார்த்துக் கொடுத்ததாகவே சொன்னார்கள். சாலை மட்டும்தான் அப்படிச் சொல்லவில்லை. அங்கே கடிகாரம் ஓடும், நீ மிதிப்பாய், அவ்வளவுதான். அப்பாவுக்குச் சொல்லத் தெரியாமல் அவள் வைத்திருந்த பதில் அது.

"பொய் எங்கன்னா கேட்டீங்க?" என்றாள். "புதுத் தாள்ல நீங்க ஒரு மணி வரைக்கும் உக்காந்து எனக்காகக் காத்திருப்பீங்க. அதுதான் பொய். என்னை நோயாளின்னு எழுதினதும் அழிஞ்சுடும், நீங்க நல்லவங்களாவும் ஆயிடுவீங்க. நான் நன்றி சொல்லிட்டுப் போகணும்."

"நன்றி யாரு கேட்டா?"

"நாளைக்கு அடுத்தவகிட்ட சொல்வீங்க. அவளுக்கு நாமதான் பாத்துப் போட்டோம்னு."

அக்கா புதுத் தாளை எடுத்து முன்னால் வைத்து, பேனா மூடியையும் திறந்திருந்தாள். "பிடிவாதம் பிடிக்காதடி. உன் நல்லதுக்குச் சொல்றேன். எழுதட்டுமா?"

"உங்க கை எதைச் சொன்னாலும் எழுதும்போல இருக்கேக்கா."

அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. சொன்ன பிறகு அவளுக்கும் வலித்தது. வலித்தாலும் அந்தச் சொல்லை அவள் திரும்ப வாங்கவில்லை.

"தலைமைக்கு எழுதப் போறியா?" கேப்டன் எழுந்துவிட்டார். "எழுது. விசாரணை முடிய ஆறு மாசம் ஆகும். உனக்கும் இந்தத் தடவை கிடையாது. எங்களைக் கெடுத்து நீயும் கெட்டுப்போவ. புத்தி இருக்கா?"

"காலையில ஒன்பது மணிக்கே எழுதி அனுப்பிட்டேன். ரசீதை வெச்சேன். ஆறு மாசம்னும் தெரியும், இந்தத் தடவை இல்லைன்னும் தெரியும். நீங்களா ஒரு வரி எழுதிக் குடுத்தா, அதையும் சேர்த்து அனுப்பலாம்னுதான் வந்தேன்."

"அப்ப எதுக்கு இவ்வளவு நேரம் எங்களைப் பேச விட்ட?"

"எனக்கு என்ன நோவுன்னு தெரிஞ்சுக்கணும்ல?"

தாளின் படத்தை அங்கேயே நின்று தலைமைக்கு அனுப்பினாள். அது போய்ச் சேரும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலில் இறங்கினாள்.