உள்ளே இருக்க வேண்டியவை

மழை சற்று விட்டதும் மொர்தா மறுபடி தோட்டத்துக்குப் போனாள். காலையிலிருந்து ஐந்தாவது முறை. கணவர் அல்பினாஸ் விட்டுப்போன ஆறு தேனீப் பெட்டிகளில் குளிர்காலத்தைத் தாண்டியது இது ஒன்றுதான். அதன் வாசற்பலகையில் நாலு தேனீக்கள் கிடந்தன. பறந்து தேய்ந்த கிழங்கள் அல்ல. சாம்பல் ரோமம்கூட உதிராத இளசுகள்.

பக்கத்து வீட்டு பெலிக்சாஸ் வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு வந்தார். அல்பினாஸின் தேனீக் கூட்டம் ஒன்று முன்பு அவருடைய ஆப்பிள் மரத்தில் போய்த் தொங்கியதிலிருந்து ஊர் வழக்கப்படி இரண்டு வீடும் தேனீ வழிச் சொந்தம்.

"இன்னிக்கும் நாலு செத்துக் கெடக்கு," என்றாள் மொர்தா.

"நாய் சாகும், மாடு சாகும். தேனீ செத்துச்சுன்னு லிதுவேனியாக்காரி ஒருத்தி சொல்லுவாளா? மனுஷனுக்குச் சொல்றதைத்தானே அதுக்கும் சொல்லணும்? அல்பினாஸ் கேட்டிருந்தா ஒரு வாரம் உன்கூடப் பேசியிருக்கமாட்டான்."

அவளுக்குத் தெரியாததல்ல. பிப்ரவரியில் அல்பினாஸை அடக்கம் செய்ததிலிருந்து, மனிதருக்குச் சொல்லும் அந்தச் சொல் மட்டும் அவள் வாயில் வரவில்லை. தபால்காரியிடம்கூட "அவர் இல்ல" என்றுதான் சொன்னாள், சந்தைக்குப் போயிருப்பவரைப்போல.

பெலிக்சாஸ் பெட்டியின் மூடியைத் திறந்தார். "என்ன குடுத்தே?"

"சர்க்கரைப் பாகு. தினம் ரெண்டு வேளை. சும்மா உக்கார முடியல."

"பாகு பறக்கத்தான் தெம்பு. புழுவுக்குப் பால் சுரக்க மகரந்தம் வேணும். மழையில அதுங்க எங்க போய்ப் பொறுக்கும்? மூணு வாரம் உள்ள இருந்து புள்ளைங்களுக்கு ஊட்ட வேண்டியது, ஒடம்புல சத்தில்லாம ஒரே வாரத்துல வெளிய கெளம்பிடுது. இப்படியே போனா ஜூனுக்குள்ள கூடு காலி." அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ மட்டும் என்ன? இடுப்புல பாவாடை நிக்கல."

"நான் பாகு குடிக்கல."

நிலவறையில் ஒரு ஜாடி இருந்தது. போன கோடையில் அல்பினாஸ் சேர்த்த மகரந்தம். மேலே அவர் கையெழுத்து: 'ஏப்ரல். மறக்காதே.' ஏப்ரலில் அதை எடுத்தவள், திறந்தால் தீர்ந்துவிடும் என்று திரும்ப வைத்திருந்தாள். இப்போது மே பாதி. மூடி இறுகியிருந்தது, துணி சுற்றித் திருகினாள். தேன் விட்டுப் பிசைந்து, அடை தட்டி எடுத்து வந்து, பெட்டியின் சட்டங்களின் மேல் வைத்தாள். விரலில் ஒட்டியதை வழிக்க மனமில்லாமல் வாயில் வைத்தாள். கசந்து, பிறகு இனித்தது.

பலகையில் கிடந்த நாலையும் உள்ளங்கையில் எடுத்துக்கொண்டாள்.

"நாலு பேர்," என்றாள். "நாலு பேர் காலமாயிட்டாங்க, பெலிக்சாஸ்."

அவர் தொப்பியைக் கழற்றினார்.

மறுபடி தூறியது. சாம்பல் நிற இளசு ஒன்று பலகையின் விளிம்புவரை வந்து இறக்கையை விரித்தது. முன்னங்காலால் உணர்கொம்பைத் துடைத்துக்கொண்டது. "உள்ள போ," என்றாள் மொர்தா. அது பறக்கவுமில்லை, உள்ளே திரும்பவுமில்லை.