புல்லுக்குக் கீழே ஒரு ஊர்

பிரெஞ்சுத் தலைநகரின் பிலிப்-து-ஜிரார் தெருவில், மரக்கறிக் கடைக்கு மேல்மாடியில் இருந்த சிறிய பதிப்பகத்தில் துஷாந்திக்குப் பக்கம் வடிவமைக்கும் வேலை. 2018 இலையுதிர் காலத்தில் அவள் கைக்கு வந்தது மெல்வர்ட்டன் என்ற ஆங்கிலேய மாளிகையின் வரலாறு. எழுதியவர் பதிப்பகத்தின் உரிமையாளர் ஜிஸ்லேன்.

மாளிகையைக் கட்டிய பிரபுவின் மகனுக்கு, யன்னலைத் திறந்தால் ஊர் தெரிவது பொறுக்கவில்லை. வீடுகளை இடித்தான். ஓடையை மறித்து ஏரியாக்கினான். ஊர் இருந்த சரிவில் புல் விதைத்து, தானாக முளைத்தவை போல அங்கங்கே ஓக் மரங்களை நட்டான். தேவாலயம் மட்டும் பார்வைக்கு அழகு என்று தப்பியது. இதையெல்லாம் ஜிஸ்லேன் ஒரே பந்தியில் சொல்லி முடித்திருந்தார்.

கடைசியாக வந்த படம் அந்தக் கோடையில் வானத்திலிருந்து எடுத்தது. மழையில்லாமல் தோட்டம் கருகியிருந்தது. கல் அத்திவாரங்களுக்கு மேலிருந்த புல் முதலில் காய்ந்துபோக, பழைய ஊர் பழுப்புக் கோடுகளாக, வீடு வீடாகத் தெரிந்தது.

“இதை முழுப் பக்கத்தில் போடலாமா?” என்று கேட்டாள்.

“தோட்டம் பார்க்க வாங்குகிறவர்களுக்குக் காய்ந்த புல் எதற்கு?” என்றார் ஜிஸ்லேன்.

“எங்கள் ஊர் கட்டுவனில் வீடும் இப்படித்தான். நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது சண்டைக்குப் பயந்து வெளிக்கிட்டோம். பிறகு காணி இராணுவத்தின் முட்கம்பிக்குள் போய்விட்டது. இந்த வருடம்தான் விடுவித்தார்கள். வீடு இல்லை.” துஷாந்தி படத்தின் பழுப்புக் கோடுகளைக் காட்டினாள். “இந்த ஆட்கள் எங்கே போனார்கள் என்று நீங்கள் எழுதவேயில்லை.”

“தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை.”

“கிடைக்கவில்லை என்றாவது எழுதுங்கள்.”

ஜிஸ்லேன் மறுநாள் அதை எழுதிக் கொடுத்தார். படத்துக்கும் முழுப் பக்கம் ஒதுக்கச் சொன்னார்.

அச்சாகி வந்ததும் புத்தகத்தைப் புறநகரான பொண்டியில் இருக்கும் அப்பா தவரத்தினத்திடம் கொண்டுபோனாள். காணி விட்ட செய்தி வந்தபோது, “வெறும் நிலத்தைப் பார்க்கவோ போறது?” என்றவர், அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

கண்ணாடியைப் போட்டுப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“ஆக்கள் எங்கை போனவை?”

“தெரியாதாம், அப்பா.”

“ஊருக்குப் பேர் இல்லையோ?”

“மெல்வர்ட்டன். ஊரின்ரை பேரைத்தான் மாளிகைக்கு வச்சிருக்கினம்.”

தவரத்தினத்தின் விரல் ஒரு வீட்டின் சுவர்க்கோட்டைச் சுற்றிவந்து வாசல் இடைவெளியில் நின்றது.

“மாசியிலை லீவு எடுப்பியோ, பிள்ளை? நான் தனிய அங்கை நிக்கமாட்டன்.”

“ஓம் அப்பா.”

மாசியில் கட்டுவனுக்குப் போனார்கள். பற்றையை விலக்கிக்கொண்டு நடந்தபோது, நடுக்காணியில் பழைய வீட்டின் சீமெந்து நிலத்தின் ஒரு துண்டு காலில் தட்டுப்பட்டது. தவரத்தினம் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நின்றார்.