ஆயிரத்து எழுபத்துநாலு

நஞ்சுண்டன் தடித்த புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டி, பழுப்பு மையில் இருந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினான். 1932, மார்ச். இரண்டாயிரத்தொன்று பிறந்ததிலிருந்து அமெரிக்காவில் சான் ரமோன் என்ற ஊரில், ஜன்னலில்லாத பின்னறையில், இதுதான் பிழைப்பு. இங்கிலாந்தில் மூடிப்போன ஒரு பீர் ஆலையின் பெயரை வாரன் என்ற முதலாளி வாங்கியிருந்தார். கூடவே, ஸ்டவுட் என்கிற கறுப்பு பீரை அங்கே எப்படிக் காய்ச்சினார்கள் என்று எழுதிவைத்த புத்தகங்களும் வந்தன. பீரை வாயில் வைத்தே பார்க்காதவனிடம் போய் இந்த வேலை வந்து சேர்ந்ததே, என்ன சொல்ல! பொள்ளாச்சியில் மாமனார் வீட்டில் இதை ஏதோ சாப்பாட்டுக் கம்பெனி என்று சொல்லிவைத்திருந்தான்.

பேச ஆள் கிடையாது. காபி மிஷினருகே யாராவது ‘ஹாய்’ சொன்னால் அன்றைக்குப் பேச்சு அவ்வளவுதான். கல்யாணமாகி சாந்தாமணியோடு இருந்தது இருபத்திரண்டே நாள். செவ்வாய்க்கிழமை சென்னையில் அவளுக்கு விசா இன்டர்வியூ. புருஷனுக்கு வேலை இருக்கிறது என்று ஒரு லெட்டர் வேண்டும்.

“ஏனுங்க, லெட்டர் கெடச்சுருச்சுங்களா?” தினமும் போனில் இதே கேள்விதான்.

“வந்துரும் சாந்தா.”

புத்தகத்தில் ஒரு எண்தான் முக்கியம். தண்ணீர் 1000 என்றால், காய்ச்சிய சாறு அதைவிட எவ்வளவு கனம் என்று சொல்லும் எண். 1914இல் அது 1074. முதல் உலகப் போரில் தானியத்துக்குத் தட்டுப்பாடு வர, 1918இல் 1041. போர் முடிந்த பின்னும் 1054க்கு மேல் ஏறவில்லை. கனத்துக்குத் தகுந்தபடி வரி. 1931இல் வரி இன்னும் கூடியது, கனம் 1047. பெயர் மட்டும் மாறவே இல்லை. அடப்பாவிகளா! நாளெல்லாம் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடந்துவிட்டு வந்த தொழிலாளி அதே பெயரைக் கேட்டு வாங்கி, நீர்த்துப்போனதையல்லவா குடித்திருக்கிறான்?

 வாரனின் புது லேபிளிலும் ‘1914 முதல் குறையாத கனம்’ என்றுதான் இருந்தது. திருப்பூர் நூல் மில்லின் சோதனைக்கூடத்தில் இருந்தவன் நஞ்சுண்டன். அங்கே நூலின் தரம் இறங்கினால் முதலாளியிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். சொன்னவனை முதுகில் தட்டிக்கொடுப்பார்கள். இங்கேயும் தட்டுவார்கள், வேலை இன்னும் ஆறு மாதம் நீளும் என்று நம்பினான் அந்த அப்பாவி. எண் இறங்கிய கதையைப் படம் போட்டு, வாரனுக்கே நேராக மெயில் அனுப்பினான்.

வியாழக்கிழமை, நாட்டின் மறுகோடியில் இருக்கும் ஐசலினிலிருந்து ஜம்புநாதன் கூப்பிட்டார். அவனை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து, வாரனிடம் வாடகைக்கு விட்டவர் அவர்.

“ஏன்யா, கிளையன்ட்டுக்கு நேரா மெயில் போடச் சொன்னது யாரு? எதுவா இருந்தாலும் என்கிட்டதானே சொல்லணும்?”

“தப்பு இருந்துச்சுங்க சார், அதான்...”

“லேபிள் பிரின்ட் ஆயாச்சு! எல்லா வருஷத்துக்கும் 1074ன்னு மாத்திக் குடு. இங்க பன்னெண்டு பேர் வேலையில்லாம பென்ச்ல உக்காந்திருக்கான், தெரியுமில்ல?”

“சாந்தாவோட லெட்டருங்க சார்?”

“முதல்ல மாத்து. நாளைக்குக் காலைல ஃபேக்ஸ் பண்றேன்.”

கம்ப்யூட்டரில் ஒரே கட்டளைதான் தட்டினான். இத்தனை நாள் உழைப்பு அரை நிமிடத்தில் ஒரே எண்ணாகிப் போனது. 

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு ஃபேக்ஸ் வந்தது. பொள்ளாச்சியில் அப்போது இரவு பத்து. அவன் திருப்பி அனுப்பப்போகும் ஃபேக்ஸுக்காக, டெலிபோன் பூத்தை மூடவிடாமல் சாந்தாமணி உட்கார்ந்திருந்தாள். நஞ்சுண்டன் தாளை எடுத்துப் படித்தான். அவன் பெயர், பதவி, சம்பளம் எல்லாம் சரியாக இருந்தன. கடைசி வரியில், ‘இன்று வரை எங்களிடம் பணிபுரிந்தார்.’ கீழே ஜம்புநாதனின் கையெழுத்து.

திரும்பத் திரும்பப் படித்தான். எழுத்து மாறவில்லை. மேஜையில் போன் அடித்தது.

“ஏனுங்க, பூத்துக்காரரு கிட்டச் சொல்லி மிஷின்ல புதுப் பேப்பர் போட்டு வெச்சுட்டேனுங்க,” என்றாள் சாந்தாமணி. “இப்ப அனுப்புங்க.”