நாற்பத்து மூன்று இன்ச்

லிஃப்ட் மெக்கானிக் குடும்பத்தோடு டிவி வாங்கப் போன ஞாயிற்றுக்கிழமை, கடையின் முதல் மாடியிலிருந்த எழுபத்தைந்து இன்ச் டிவியில் அவருடைய வீட்டு ஹால் தெரிந்தது. அதில் வேறொரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. சுவருக்குப் பச்சை பெயின்ட் அடித்திருந்தார்கள். அதுவரை அருவியும் கிளியுமாக ஓடிக்கொண்டிருந்த மற்ற டிவிகளும், இவர்கள் படியேறி வந்ததும் ஒவ்வொன்றாக அதே ஹாலுக்கு மாறின. அதே சோபா, அதில் அதே தலையெண்ணெய்க் கறை, எல்லாவற்றிலும் கடிகாரம் இரவு எட்டரை. விற்பனையாளர் பதறவில்லை. "சில ஃபேமிலி வந்தா இப்படித்தான் சார் ஆகும். நீங்க கலரை மட்டும் பாருங்க" என்றார்.

பார்த்தார்கள். முப்பத்திரண்டு இன்ச்சில் நான்கு பேரும் இருந்தார்கள்: மெக்கானிக், மனைவி, பன்னிரண்டாவது படிக்கும் மகள், மெக்கானிக்கின் அப்பா. நாற்பத்து மூன்றில் மெக்கானிக் இல்லை. ஐம்பத்தைந்தில் மகளும் இல்லை. அறுபத்தைந்தில் பெரியவர் மட்டும் ரிமோட்டோடு, சோபாவின் நடுவில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இதுல படம் பளிச்சுனு இருக்கு" என்று பெரியவர் பாராட்டினார்.

மனைவி முப்பத்திரண்டுக்கு பில் போடச் சொன்னாள். விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் மெக்கானிக் ஆறு மாதமாக வேலையிடத்தில் பெரிய டிவி பற்றிப் பேசி வைத்திருந்தார். போதாக்குறைக்கு எதிர் வீட்டுக்காரர் ஐம்பது வாங்கியிருந்தார். இவர்கள் ஜன்னலைத் திறந்தால் அதில் பாதி தெரியும்.

"முப்பத்திரண்டை மாட்டினா, எதிர் வீட்டுக்காரன் காலண்டர்னு நெனச்சு தேதி பாத்துட்டுப் போவான்."

"நாப்பத்து மூணுல நீங்க இல்லைங்க."

"எட்டரைக்கு நான் என்னிக்கு வீட்ல இருந்திருக்கேன்? செகண்ட் ஷிஃப்ட்டுடி."

அது உண்மைதான். பத்தொன்பது வருடத் திருமணத்தில் அந்த நேரத்தில் அவர் யாரோ ஒருவருடைய கட்டடத்தில், இரண்டு மாடிகளுக்கு நடுவேதான் இருந்திருக்கிறார். மகள் மட்டும் படத்தின் ஓரத்தில் வாசற்படியைக் காட்டினாள். "அப்பா, உங்க டியூட்டி ஷூ அங்கேயே கிடக்கு. செருப்பும் பக்கத்துலயே இருக்கு." மெக்கானிக் குனிந்து பார்த்தார். "இன்னொரு ஜோடி வாங்கியிருப்பேன்" என்றார். பிறகு தொழில் தெரிந்தவராக விளக்கினார். லிஃப்ட்டில் ஆறு பேர் என்று எழுதியிருக்கும், எட்டுப் பேர் ஏறினாலும் போகும். எழுதுகிறவன் எப்போதும் கொஞ்சம் குறைத்துத்தான் எழுதுவான். "மூணு பேருன்னு காட்டினா நாலு பேரைத் தாங்கும். நான் பாக்காத பாரமா?" நாற்பத்து மூன்றுக்கு பில் போட்டார்கள்.

புதன்கிழமை கடை ஆட்கள் வந்து மாட்டிவிட்டுப் போனார்கள். வாழ்நாளில் முதல் முறையாக டிவிக்காக லீவு போட்ட மெக்கானிக், சோபாவின் இடது ஓரத்தில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எட்டரை ஆனது. "பாத்தியா, இங்கதானே இரு" என்றவரின் பேச்சு அந்த 'இரு'வோடு நின்றது. மனைவி கை நீட்டினாள். சட்டைத் துணி ஒரு நொடி விரலில் பட்டது, அப்புறம் சோபா உறைதான். ஆனால் மெத்தையின் பள்ளம் மேலெழவில்லை. தாங்கத்தான் செய்தது.

மூன்று நாள் அழுதார்கள். நாலாம் நாள் மனைவி பழக்க தோஷத்தில் நான்கு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தாள், நான்கும் காலியாயின. அதற்குப் பிறகு அழவில்லை. கம்பெனி மூன்று மாதம் பார்த்துவிட்டு வேறு ஆளைப் போட்டது. மனைவி அருகிலிருந்த மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். வாசலில் ஷூவும் செருப்பும் தூசி படிந்து கிடந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் துடைத்து வைத்தாள்.

மறு வருடம் அவள் கல்லூரியில் சேர்ந்த வாரம், பழையதைக் கொடுத்துப் புதியதை எடுத்துக்கொள்ளச் சொல்லி அந்தக் கடையின் நோட்டீஸ் கதவுக்கடியில் வந்து கிடந்தது. பெரியவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு டிவியைப் பார்த்தார். "எழுத்தெல்லாம் பொடிசு பொடிசா இருக்கும்மா. அம்பத்தஞ்சு எடுத்தா தேவல." ஐம்பத்தைந்தில் யார் இல்லை என்பதை அந்த வீட்டில் யாரும் மறந்திருக்கவில்லை, பெரியவர் உட்பட. காலையில் நோட்டீஸ் நாலாகக் கிழிந்து மெக்கானிக்கின் செருப்பின் மேல் கிடந்தது. பெரியவர் கடைக்கே நடந்துபோய் இன்னொன்று வாங்கி வந்தார். அதுவும் கிழிந்தது. மூன்றாவதைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தார். எழுந்தபோது கையகலத் துண்டு ஒன்றுகூட மிச்சமில்லை. அவர் சோபாவின் இடது ஓரத்துப் பக்கம் திரும்பினார்.

"சரிடா, விடு. இதே இருக்கட்டும்" என்றார். நாற்காலியை டிவிக்கு ஓர் அடி பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அன்று எட்டரைக்கு, யாரும் ரிமோட்டைத் தொடாமலே, அவருக்குக் கேட்கும்படி சத்தம் இரண்டு புள்ளி கூடியது.

அடுத்த வாரம் எதிர் வீட்டுக்காரர் எழுபத்தைந்து இறக்கினார். இப்போது அங்கே இருப்பவர்கள் நல்ல மாதிரி. சுவருக்குப் பச்சை பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.