எட்டுப் பக்கக் கடிதமும் ஒரு பக்கச் சுருக்கமும்

ஆணை கையெழுத்தாகித் தபால் பிரிவுக்குப் போய்விட்டது. ஆபீஸ் காப்பியில் விதி எண் மட்டும் விட்டுப்போயிருந்தது. அதை நிரப்பத்தான் கடல் போக்குவரத்து விதிப் புத்தகத்தை எடுத்தேன். பாய்மரப் படகுக்கு இன்ஜின் படகு வழிவிட வேண்டும், சரி. அத்தோடு மூடித் தொலைத்திருக்கலாம். பக்கத்தைப் புரட்டினேன். பாய் விரித்திருந்தாலும் இன்ஜின் ஓடினால் அதுவும் இன்ஜின் படகுதானாம். அடையாளமாக முன்னால் ஒரு கறுப்புக் கூம்பைத் தலைகீழாகத் தொங்கவிட வேண்டுமாம். இந்தக் கூம்பை எங்கேயோ படித்திருந்தேன்.

ரவிக்குமார் தெற்கே சுற்றுலாப் படகு ஓட்டுகிறவன். இடப்பக்கமிருந்து வந்த பாய்மரப் படகு ஒன்று அவன் படகில் மோதியது. வழிவிடாதது உன் குற்றம் என்று அவன் லைசென்ஸை ரத்து செய்துவிட்டார்கள். அவன் டில்லிக்கு எட்டுப் பக்கம் தமிழில் முறையிட்டிருந்தான். லோதி ரோடில் எங்கள் செக்ஷனில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. பக்கத்து சீட் ஹரிஷங்கர் கரோல் பாகில் பிறந்தவன். பேசுவான், எழுத்து தெரியாது. டைரக்டர் மெஹ்ரா ஒரு பக்கத்தில் ஆங்கிலச் சுருக்கம் கேட்டார். இரண்டாம் பக்கத்தை அந்த மனிதர் பிறந்ததிலிருந்து புரட்டியதில்லை. நானும் வெட்டித் தள்ளினேன். அதை வைத்துத்தான் முறையீட்டைத் தள்ளுபடி செய்து ஆணை போட்டார்கள்.

கடிதத்தைத் தேடி எடுத்தேன். ஐந்தாம் பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தான்: “பாய் விரிச்சிருந்தாங்க சார், ஆனா இன்ஜினும் ஓடுச்சு. கூம்பு தொங்கவிடல. ரெண்டும் இன்ஜின் படகுன்னா, நான் அவங்களுக்கு வலப்பக்கம், அவங்கதான் ஒதுங்கணும்.” கூம்பாவது குழம்பாவது என்று அடித்தது சாட்சாத் இந்தக் கைதான். கடலை மொத்தம் இரண்டு தரம் பார்த்தவளுக்கு எவ்வளவு திமிர்!

மெஹ்ராவிடம் ஓடினேன். அவர் நிதானமாகக் கேட்டார். மொழிபெயர்ப்பில் தப்பு என்று நானே எழுதிக் கொடுத்தால்தான் ஃபைலைத் திறக்க முடியும், அப்புறம் ஏப்ரலில் வரவேண்டிய ப்ரமோஷனை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். பிறகு, நல்லது சொல்வது போல, இந்தக் கடிதத்தை இந்தக் கட்டடத்தில் வேறு யார் படிக்கப்போகிறார்கள் என்று இந்தியில் கேட்டுச் சிரித்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. அதைவிட மோசம், ஒரு நிமிஷம் நிம்மதியாகவும் இருந்தது.

வெளியே ஹரிஷங்கர் நின்றான்.

“விட்டுடுங்கோ மேடம். யாருக்குத் தெரியப்போறது?”

“எனக்குத் தெரியுமே,” என்றேன். “போட் ஓட்டித்தான்டா அவன் சாப்பிடறான்.”

லிஃப்ட் வழக்கம்போல வரவில்லை. நாலு மாடி இறங்கினேன், முட்டி வலியில் எல்லோரையும் திட்டிக்கொண்டே. தபால் பிரிவில் சுரேஷ்குமார் பதிவுத் தபால்களை மூட்டையில் போட்டுக்கொண்டிருந்தான். ரவிக்குமார் பெயர் போட்ட உறை மேலேயே கிடந்தது. கையெழுத்தில்லாமல் தர முடியாது மேடம்ஜி என்று அவன் எழுந்திருப்பதற்குள் எடுத்துவிட்டேன். சர்க்கார் உறையை நான் பாட்டுக்குக் கிழிப்பதை அத்தனை பேரும் பார்த்தார்கள். கோந்து இன்னும் காயவில்லை, விரல்களில் ஒட்டியது.