தனித்தொட்டி

வீட்டு மீன்தொட்டியில் வளர்த்த பவளக் கிளையை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பியபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். அடித்தண்டில், சதை போய் வெள்ளை எலும்பு தெரிந்த இடத்தில், கசகசாவை நெருக்கி ஒட்டினாற்போலப் பழுப்பாக ஒரு திட்டு. முட்டைகள். பல் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருடமாக ஊரார் வாய்க்குள் காறை தேடிச் சுரண்டுகிற கண் அது, ஏமாறாது. கிளையை மருந்து கலந்த கிண்ணத்தில் முக்கி ஆட்டினாள். ஐந்தே நிமிடத்தில், அதுவரை பவளத்தோடு பவளமாக ஒட்டிக் கிடந்து அதைத் தின்றுகொண்டிருந்த தட்டைப்புழுக்கள் பிடியை விட்டுச் சுருண்டு விழுந்தன. பத்து வரைக்கும் எண்ணியவள் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டாள்.

எப்படி வந்தது என்று துப்பறிய ஒன்றுமில்லை. மூன்று மாதத்துக்கு முன் கடையில் ஊதா நிறத்தில் ஒரு பவளத்தைப் பார்த்து மயங்கி, மருந்தில் முக்காமல், தனியாக வைத்துப் பார்க்காமல், வாங்கிய சூட்டோடு தொட்டியில் இறக்கியது அவளேதான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆசைக்காரிக்கு அதுவும் கிடையாது.

அது போகட்டும். தன் தொட்டியை அவள் மீட்டுவிடுவாள். மருந்து புழுவைத்தான் கொல்லும், முட்டையைத் தொடாது. ஆகவே முட்டையைச் சுரண்டி எடுக்க வேண்டும், தப்பிப் பொரிப்பவை வளர்ந்து முட்டையிடுவதற்குள் மறுபடி முக்க வேண்டும். வாரம் ஒருமுறை, ஆறு வாரம். செய்யலாம். அவள் கவலை வேறு. ஒன்றரை மாதத்துக்கு முன் இதே பவளத்தில் ஒரு கிளையை ஒடித்து அண்ணிக்குக் கொடுத்திருந்தாள்.

சும்மா கொடுத்ததல்ல. அவளுக்கு இந்தப் பித்தை ஏற்றிவிட்டதே அண்ணிதான். அப்படிப்பட்டவளைப் பார்த்து, இரண்டு வருடத்துக்கு முன் ஏதோ வாய்ச்சண்டையில், "பிள்ளை இல்லாத வீட்ல மீனுதான் பிள்ளை" என்று சொல்லிவிட்டாள். அதன்பிறகு அண்ணன் மட்டும்தான் வந்துபோனான். மன்னிப்பு கேட்க வாய் வராததால், தன் தொட்டியிலேயே அழகான கிளையை ஒடித்து ஜாடியில் போட்டு அண்ணனிடம் கொடுத்தனுப்பினாள். மறுநாள் அண்ணி போன் செய்தாள். "கலர் நல்லா இருக்கு. ஒரு நாள் வா." அவ்வளவுதான். வெட்கத்தில் இவள் இன்னும் போகவில்லை.

அண்ணியின் தொட்டி ஐந்தடி நீளம். ஒன்பது வருடமாக, விரல்நுனி அளவிலிருந்து வளர்த்த பவளங்கள். அங்கே புழு இறங்கியிருந்தால் என்ன மிஞ்சும் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"நீயா போய் எதுக்குச் சொல்ற?" என்றான் கணவன். "எங்கேர்ந்து வந்துச்சுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காத."

"ஓணானை விட்டதே நான்தாங்க. அதுவும் அவங்க மடியில."

மருந்து, சுரண்டி, பழைய பல்துலக்கும் பிரஷ் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

கதவு திறந்ததும், வாசலிலேயே நின்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். "அண்ணி, நான் குடுத்த கோரல்ல புழு இருக்கு. உங்க டேங்க் பூரா பரவியிருக்கும். ஆறு வாரம் நானே வந்து சுத்தம் பண்ணித் தரேன். வேணாம்னு சொன்னாலும் வருவேன்."

அண்ணி கதவை அகலத் திறந்தாள். "செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா."

கூடத்துப் பெரிய தொட்டியில் அவள் கொடுத்த கிளை இல்லை. அண்ணி நிற்காமல் பின்கட்டுக்கு நடந்தாள். வாஷிங் மெஷினை ஒட்டி, தனி மோட்டாரும் தனி விளக்குமாக ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி. அதற்குள் அவளுடைய கிளை மட்டும் ஒற்றையாக நின்றது. நிம்மதிதான் வந்திருக்க வேண்டும். வந்ததோ சுருக்கென்று ஒரு வலி.

"என் மேல நம்பிக்கை இல்லையா அண்ணி?"

"யார் குடுத்தாலும் மொதல் நாள் மருந்துல முக்கிட்டு, நாப்பது நாள் இங்கதான். உங்க அண்ணனே வாங்கிட்டு வந்தாலும் அப்படித்தான்."

அவள் மனதுக்குள் நாளைக் கூட்டிப் பார்த்தாள். "நாப்பது நாள் போன வாரமே முடிஞ்சிருச்சே?"

"முடிஞ்சிருச்சு. நீ வந்து உன் கையால வைப்பேன்னு விட்டு வெச்சிருந்தேன். கூப்பிட்டேன்ல?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கக் கிளையை எடுத்துத் திருப்பினாள். அடியில் பழுப்புத் திட்டு இருந்தது. அண்ணியின் வெள்ளெழுத்துக் கண்ணுக்கு அது எங்கே தெரிந்திருக்கப்போகிறது!

"நான் வந்திருந்தா இந்நேரம் இது பெரிய டேங்க்ல இருந்திருக்கும்."

"அதுக்காக, வராதது நல்லதுன்னு சொல்லாத."

"அண்ணி, அன்னைக்கு நான் சொன்ன வார்த்தை தப்பு. ரொம்பத் தப்பு."

"அதை நான் மறக்கல." குரலில் கோபமில்லை. "நீ மொதல்ல இதைச் சுரண்டு."

சுரண்டினாள். முட்டை ஒவ்வொன்றாக, பவளத்துக்கு வலிக்காமல். பிறகு கிளையைக் கிண்ணத்து மருந்தில் முக்கி ஆட்டினாள். அண்ணி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியும் இறக்கியும் குனிந்து பார்த்தாள்.

"எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

அவள் அண்ணியின் சுட்டுவிரலைப் பிடித்து, தண்ணீருக்கு மேலாக மெல்ல நகர்த்தி, ஓரிடத்தில் நிறுத்தினாள். விரலுக்கு நேர் கீழே, வெட்டிய நகத்துணுக்கு அளவில் ஒன்று, புரண்டு புரண்டு அடியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.