நூற்று நாற்பதில் ஒரு மேடு

ஈயம்மாவின் அறை தரைக்கு அடியில், இரண்டு மாடி ஆழத்தில் இருந்தது. ஆறு டன் ஈயக் கட்டிகளைத் தன் கையாலேயே அடுக்கிக் கோட்டை கட்டியதால், கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் அது. அவளுக்கும் பிடித்துப்போய்விட்டது. கோட்டைக்குள் ஒரு கைப்பிடி உலோகம். அதையொட்டி, குளிரில் விறைத்த ஒரு படிகம். அந்த உலோகத்தின் அணுக்கருக்களுக்குக் கும்பகர்ணத் தூக்கம். கோடானுகோடியில் மாதத்துக்கு ஏழோ எட்டோதான் கண் விழிக்கும். விழித்த கணத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளித்துளியை விடும், படிகம் அதைப் பிடித்துக் கணக்கில் சேர்க்கும். அணு விஞ்ஞானி என்றதும் உறவினர்கள் குண்டைத்தான் நினைத்தார்கள். அவள் முப்பத்தோரு வருடமாகச் செய்ததெல்லாம், தூங்குகிறவர்களுக்குப் பக்கத்தில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்ததுதான்.

இந்த முறை முழுதாக ஒரு வருடம் எண்ண வேண்டும். காற்றிலும் மண்ணிலும் இயல்பாகவே கொஞ்சம் கதிரியக்கம் உண்டு. மழைக்கு ஒரு மாதிரி, வெயிலுக்கு ஒரு மாதிரி. எல்லாப் பருவமும் ஒரு சுற்று வந்தால்தான், இது பருவத்தின் சேட்டை இல்லை, கருவின் விழிப்புதான் என்று அடித்துச் சொல்ல முடியும். இன்னும் பத்தொன்பது நாள் பாக்கி. அது முடிந்த மறுநாள் அவளுக்குப் பணி ஓய்வு, அறை வேறொரு குழுவுக்குப் போகிறது. படிகத்தின் குளிர் குறையாதிருக்க, மூன்று நாளுக்கு ஒருமுறை திரவ நைட்ரஜன் ஊற்ற இப்போது அவளை விட்டால் ஆள் இல்லை.

மத்தியானம் கணவர் தேநீர் பிளாஸ்க்குடன் படியிறங்கி வந்தார். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வுபெற்றவர்.

"என்ன, இப்படி மூச்சு வாங்குது?"

"உன் படிக்கட்டு பூமியோட நடு மையத்துக்குல்ல போகுது? இதை வெச்சே ஒரு பாடம் நடத்தலாம்."

கோட்டைக்கு வெளியே, வாசற்காவலன் மாதிரி இன்னொரு சின்னக் கருவி உண்டு. வேண்டாத கதிர் எது உள்ளே வந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதன் திரையில் எப்போதும் புகைபோலப் புள்ளிகள் படர்ந்திருக்கும். இப்போது அந்தப் புகையின் இடது ஓரத்தில் ஒரு மேடு எழுந்தது.

கதிரியக்கத் தூசி ஏதாவது அறைக்குள் வந்திருந்தால் பதினொரு மாதமும் ஆற்றோடு போயிற்று. மேட்டின் உச்சியைத் தொட்டு எண்ணைப் பார்த்தாள். ஆற்றல் நூற்று நாற்பது, அவளுக்குப் பழகிய எண். முகம் மலர்ந்தது.

"தூசி இல்லைங்க! டெக்னீஷியம்! ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுக்க ஊசியில ஏத்துவாங்களே, அது. ஆறு மணி நேரத்துல பாதியாகும், அடுத்த ஆறுல அதுலயும் பாதி. நாளைக்கு இந்நேரம் பதினாறுல ஒரு பங்குதான். ஊசி போட்டுக்கிட்ட யாரோ பக்கத்துல நிக்கிறாங்க, அவ்வளவுதான்!"

அவர் தேநீர் ஊற்றினார்.

அறையில் இருந்தது இரண்டே பேர். அவள் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. இந்தக் கழித்தலைப் போட அவளுக்குத் தேநீர் ஆறும் நேரம் பிடித்தது.

"கொஞ்சம் மேல போய் நில்லுங்க."

போனார். மேடு வளராமல் நின்றது.

"வாங்க."

வளர்ந்தது.

"எந்த இடத்துக்கு ஸ்கேன்?"

"நெஞ்சு." அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தார். "சின்னக் குழந்தைங்க கிட்ட போகாதீங்கன்னுதான் சொன்னாங்க. உன் மெஷினும் அதுல சேர்த்தின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் சிரிக்கவில்லை. அவரே சொன்னார்: "ரெண்டு ரத்தக் குழாய் அடைச்சிருக்காம். இந்த வாரமே ஆபரேஷன்னார் டாக்டர். இருபது நாள் கழிச்சு வரேன்னுட்டேன்."

"யாரைக் கேட்டு?"

"நீதானே சொல்லுவ, ஒரு கரு நேத்து வரைக்கும் தாங்கிட்டா இன்னைக்கு அது புத்தம் புதுசுன்னு. நானும் நேத்து வரைக்கும் தாங்கியாச்சே."

அது உண்மைதான். அணுக்கருவுக்கு முதுமை கிடையாது. லட்சம் வருடம் தூங்கினதும் நேற்றுப் பிறந்ததும் இன்று விழிப்பதற்கு ஒரே வாய்ப்புதான். அவள் வாழ்க்கை முழுவதும் வியந்த விஷயம் அது.

"அது கருவுக்கு. நீங்க தேயறீங்க."

"பதினொரு மாசம்டி! வருஷம் முடியலன்னா பருவம், மழைன்னு வாய்க்கு வந்ததைப் பேசுவாங்களே."

"பேசட்டும். பதினொரு மாசம் எண்ணினேன்னு எழுதறேன். நம்பாதவங்க முதல்லேர்ந்து எண்ணிக்கட்டும். டாக்டர் குடுத்த சீட்டை எடுங்க."

ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். நாளைக் காலை வரச் சொன்னார்கள். போனை வைத்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

"அந்த முக்காலியில உட்காருங்க. அசையக் கூடாது."

அவர் உட்கார்ந்தார். புள்ளி மேல் புள்ளியாக மேடு உயர்ந்தது. ஒவ்வொன்றும் அவர் நெஞ்சுச் சதைக்குள்ளிருந்து கிளம்பி, சட்டையைக் கடந்து, காற்றைக் கடந்து, இத்தனை தூரம் வந்து விழுந்த ஒளி. ஜன்னல் இல்லாத அந்த அறையில் இருவரும் மழை பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பத்துநான்கு வருடக் குடித்தனத்தில் அவருக்குள்ளே இப்படி வெளிச்சம் போட்டு அவள் பார்த்ததில்லை.

பிறகு கோட்டைக்கான எண்ணியை நிறுத்தினாள். பதிவேட்டில் மணியை எழுதி, காரணம் என்ற கட்டத்தில் 'வீட்டு வேலை' என்று போட்டாள்.

அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, நாலு படிக்கு ஒருமுறை நின்று நின்று ஏறினாள். அவர் அவசரப்பட்டார். அவள் விடவில்லை.